ஏலியன், ஃபாரினர், எக்ஸ்பாட்: வெளிநாட்டுக்காரங்களைச் சொல்ற இங்கிலீஷ் வார்த்தைங்க எப்ப புண்படுத்தும், ஏன்?

"ஃபாரினர்னு சொல்றது தப்பா?" இந்தக் கேள்வியை யார் கேட்டாலும் பெரும்பாலும் ரெண்டு பதில்ல ஒண்ணுதான் கிடைக்கும். டிக்‌ஷனரில வேற நாட்டுக்காரர்னுதானே போட்டிருக்கு, இதுல கோவப்பட என்ன இருக்குன்னு சிலர் சொல்லுவாங்க. அய்யயோ அந்த வார்த்தையே இப்ப யூஸ் பண்ணக்கூடாது, அது அசிங்கம்னு மத்தவங்க சொல்லுவாங்க. இந்த ரெண்டு பதிலையும் வச்சு ஒருத்தர் வேலைக்கு ஒரு மெயில் கூட தைரியமா எழுத முடியாது, ஏன்னா ஒரு வார்த்தை எப்படி புண்படுத்துதுன்னு ரெண்டுமே சொல்லல. அது தெரிஞ்சா லிஸ்ட் எதுவும் மனப்பாடம் பண்ண வேண்டாம், புதுசா ஒரு வார்த்தை வந்தாலும் நாமளே யோசிச்சுக்கலாம். அதுக்குத்தான் இந்தக் கட்டுரை.

டிக்‌ஷனரி ஏன் போதாது

பூவோட சேர்ந்த நாரும் மணக்கும்னு சொல்றோம்ல, வார்த்தையும் அந்த நார் மாதிரிதான். தனியா பார்த்தா அதுக்கு ஒரு வாசனையும் கிடையாது, எதோட சேர்த்துக் கட்டுறோமோ அது ஏறிக்கும், பூவை எடுத்தப்புறமும் கொஞ்ச நேரம் நிக்கும். நாறுற பொருளைக் கட்டினாலும் அதே கதைதான்.

மொழியியல்ல இதுக்கு ரெண்டு பேர் வச்சிருக்காங்க. ஒரு வார்த்தை எதைச் சுட்டிக் காட்டுதோ அது டினோடேஷன், நேர்ப்பொருள். அந்த வார்த்தையைக் கேட்டதும் கூடவே ஒட்டிக்கிட்டு வர்ற உணர்வு, நினைப்பு, மதிப்பு எல்லாம் கனோட்டேஷன், சாயல்னு வச்சுக்கலாம். டிக்‌ஷனரி நேர்ப்பொருளை நல்லா சொல்லும், சாயலைப் பத்தி மிஞ்சிப்போனா "சிலருக்கு இது புண்படுத்தலாம்"னு ஒரு வரி போடும், அவ்வளவுதான்.

இது வெறும் தியரி இல்லங்க. இங்கிலீஷ்மேன், ஃப்ரெஞ்ச்மேன்னு சொன்னா யாருக்கும் ஒண்ணும் இல்ல. அதே அச்சுல வார்த்த சைனாமேன்னு சொன்னா அது அவமானம். பிரிட்டிஷ்காரரை பிரிட்னு சுருக்கலாம், ஆஸ்திரேலியாக்காரரை ஆஸினு சுருக்கலாம், அவங்களே அப்படித்தான் சொல்லிக்கிறாங்க, ஆனா பிரிட்டன்ல பாகிஸ்தானியை பாக்கினு சுருக்கினா அது ரொம்ப மோசமான வசை. ரெண்டுமே நாட்டுப் பேரைச் சுருக்கினதுதானே, அப்புறம் ஏன்? ஏன்னா 1960கள் கடைசிலயும் 70கள்லயும் தெற்காசியக்காரங்களைத் தெருவுல துரத்தி அடிச்சவங்க வாயில இருந்த வார்த்தை அது. அடி வாங்கினதுல இந்தியரும் உண்டு, பங்களாதேஷியும் உண்டு, யாரும் பாஸ்போர்ட் பார்த்து அடிக்கல. பிரிட்ங்கிற வார்த்தையைக் கத்திக்கிட்டு யாரும் யாரையும் அங்க அப்படித் துரத்தல. வித்தியாசம் அங்கதான் இருக்கு.

இதுவரைக்கும்: வார்த்தையோட வடிவத்துலயோ நேர்ப்பொருள்லயோ வசை இல்ல, அதை யார், யார் மேல, எந்தக் காரியத்துக்காக இத்தனை வருஷமா யூஸ் பண்ணினாங்கங்கிறதுலதான் இருக்கு.

நம்ம வார்த்தைங்களே அங்க வசையான கதை

இதைத் தமிழ்க்காரங்களுக்குப் புரிய வைக்க தூரமா போகவே வேண்டாம். 1860 நவம்பர்ல ட்ரூரோங்கிற கப்பல் மெட்ராஸ்ல இருந்து தென்னாப்பிரிக்காவோட நேட்டாலுக்குப் போய்ச் சேர்ந்துச்சு, அங்க கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தம் போட்டுக் கூட்டிட்டுப் போன முதல் ஆளுங்க அதுலதான் இருந்தாங்க. அங்க அவங்களுக்கு வச்ச பேர் கூலி. இங்கிலீஷ்ல இருக்கிற அந்த வார்த்தை தமிழ்ல இருந்து போச்சா, குஜராத்துப் பக்கத்து கோலி ஜனங்க பேர்ல இருந்து வந்துச்சான்னு ரெண்டு கருத்து இருக்கு. எப்படி இருந்தாலும் தமிழ்ல கூலினா செஞ்ச வேலைக்கு வாங்குற காசு, அதுல கேவலம் ஒண்ணும் இல்ல. ஆனா நேட்டால்ல அந்த வார்த்தை தோட்டத்தைத் தாண்டி வந்து எல்லா இந்தியர் மேலயும் ஒட்டிக்கிச்சு. 1893ல அங்க போன காந்தி லண்டன்ல சட்டம் படிச்சவர், அவரையும் கூலி பாரிஸ்டர்னுதான் கூப்பிட்டாங்க. வேலையைச் சொன்ன வார்த்தை இனத்தைச் சொல்ற வார்த்தையா மாறி, நீ என்ன படிச்சாலும் எங்களுக்கு இதுதான்னு சொல்ற வார்த்தையா முடிஞ்சது.

இன்னொண்ணு சாமி. ராமசாமி, முனுசாமினு பேர்கள் முடியுறதைக் கேட்டுட்டு வெள்ளைக்காரங்க இந்தியர்களையே சாமின்னு கூப்பிட ஆரம்பிச்சாங்க. நாம கும்பிடுற வார்த்தை அங்க ஒருத்தரை மட்டம் தட்டுற வார்த்தை. நேர்ப்பொருளைப் பார்த்து முடிவு பண்ணணும்னா சாமி அளவுக்கு உயர்ந்த வார்த்தை எங்கயும் கிடைக்காது, இருந்தும் அது வசையா போச்சு. டிக்‌ஷனரியைக் காட்டி வாதாடுறவங்களுக்கு இதுக்கு மேல ஒரு உதாரணம் தேவையில்லன்னு நெனைக்கிறேன்.

ஏலியன்: சட்டத்துல ஒண்ணு, தெருவுல ஒண்ணு

ஏலியன்னா பறக்கும் தட்டுல வர்ற பச்சை உருவம்தானே, மனுஷனை ஏன் அப்படிச் சொல்றாங்கன்னு நெறைய பேர் கேக்குறாங்க. உண்மை என்னன்னா மனுஷனுக்குத்தான் அது முதல்ல இருந்துச்சு, வேற கிரகத்து ஜீவனுக்கு அறிவியல் கதைங்க வழியா பிற்பாடு போச்சு. இங்கிலீஷ் சட்டத்துல அது பல நூற்றாண்டா இருக்கு. அமெரிக்காவோட 1952 குடியேற்றச் சட்டம் ஏலியன்னா அமெரிக்கக் குடிமகனோ நேஷனலோ இல்லாத எவரும்னு ஒரே வரில சொல்லிடுது. அதனாலதான் க்ரீன் கார்டுல இருக்கிற நம்பருக்கு ஏலியன் ரெஜிஸ்ட்ரேஷன் நம்பர்னு பேரு. இதுல திட்டுற எண்ணம் இல்ல, இது சட்டக் கலைச்சொல், அதாவது சட்டத்துக்குள்ள மட்டும் ஒரு குறிப்பிட்ட அர்த்தத்துக்காக வச்சுக்கிற பேரு.

அப்ப சாயல் எங்க இருந்து ஏறிச்சு? சட்டத்துல இருந்தேதான், இதைத்தான் பலரும் கவனிக்கிறது இல்ல. பிரிட்டன்ல 1905ல ஏலியன்ஸ் ஆக்ட் வந்துச்சு, ரஷ்யப் பேரரசுலயும் கிழக்கு ஐரோப்பாவுலயும் இருந்து ஓடி வந்த யூதர்களைத் தடுக்கணும்னுதான் அதுக்காக அவ்வளவு சத்தம் போட்டாங்க. கலிஃபோர்னியா 1913ல போட்ட நிலச் சட்டம் "குடியுரிமை பெறத் தகுதியில்லாத ஏலியன்" விவசாய நிலம் வாங்கக் கூடாதுன்னு சொல்லிச்சு. சட்டத்துல ஜப்பானியர்ங்கிற வார்த்தையே கிடையாது, ஆனா அன்னைக்கு வெளில இருந்து குடியேறினவங்கள்ல வெள்ளையரும் ஆப்பிரிக்க வம்சாவளியினரும் மட்டும்தான் குடியுரிமை வாங்க முடியும்ங்கிறதால அடி நேரா ஜப்பானியர் மேல விழுந்துச்சு. 1923ல பஞ்சாப்ல இருந்து அங்க குடியேறின பகத் சிங் தின்ட்ங்கிறவரோட வழக்குல இந்தியர் வெள்ளையர் இல்லன்னு அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னதும் இந்தியரும் அதுக்குள்ள மாட்டினாங்க. இத்தனைக்கும் தின்ட் முதல் உலகப் போர் சமயத்துல அமெரிக்க ராணுவத்துல சேர்ந்தவர். 1946 வரைக்கும் அந்தக் கதவு திறக்கல.

1942ல நடந்ததுதான் எனக்கு எப்பப் படிச்சாலும் மனசு கஷ்டமாகுற இடம். ஜப்பானோட போர் ஆரம்பிச்சதும் அமெரிக்காவோட மேற்குக் கரைல இருந்த ஜப்பானிய வம்சாவளியினர் எல்லாரையும், கிட்டத்தட்ட 1,20,000 பேரை, முகாம்ல அடைச்சாங்க. அதுல மூணுல ரெண்டு பங்கு அமெரிக்கக் குடிமக்கள். தெருவுல ஒட்டின உத்தரவுல இருந்த வாசகம் "ஏலியன், நான்-ஏலியன் ரெண்டு பேரும்". நான்-ஏலியன்னா யாரு? சிட்டிசன்! குடிமகன்னு எழுதினா குடிமகனை விசாரணை இல்லாம எப்படி அடைக்கிறீங்கன்னு கேள்வி வரும், ஆனா நான்-ஏலியன்னு எழுதினா அவனும் ஏதோ ஏலியனோட இன்னொரு வகை மாதிரி ஆயிடுறான். ஒரு வார்த்தை மனுஷனோட உரிமையை மறைக்க முடியும்னு காட்ட இந்த ஒரு நோட்டீஸ் போதும்.

இதெல்லாம் பழைய கதைன்னும் விட முடியாது. ஆஸ்திரேலியாவோட அரசியல் சட்டத்துல ஏலியன்ங்கிற வார்த்தை இருக்கு. வெளிநாட்டுல பிறந்து ஆஸ்திரேலியக் குடியுரிமை வாங்காத ரெண்டு பழங்குடியினரை நாடு கடத்தப் பார்த்தப்ப, பழங்குடியினர் அந்த மண்ணுக்கு ஏலியனா இருக்கவே முடியாதுன்னு 2020ல அந்த நாட்டோட உச்ச நீதிமன்றமான ஹைகோர்ட் 4க்கு 3ன்னு தீர்ப்பு சொல்லிச்சு. குடியுரிமைப் பேப்பர் இல்லன்னா ஏலியன்ங்கிற எளிமையான கணக்கு அங்கயே இடிச்சுப்போச்சு.

சுருக்கமா: ஃபார்ம்லயும் சட்டத்துலயும் ஏலியன் ஒரு வகைப்பாடு, ஆனா அந்த வகைப்பாட்டை வச்சு நடந்த காரியங்களோட வாசனை அதுல ஏறியிருக்கு. அதனால பேச்சுல ஒருத்தரை ஏலியன்னு சொன்னா அது உறுத்தும், சட்டம் பேசுற இடத்துல சொன்னா அவ்வளவு உறுத்தாது.

"இல்லீகல்" ஏன் இவ்வளவு சுடுது

இதுல இலக்கணம் வேலை செய்யுது. "அவர் விசா முடிஞ்சும் தங்கியிருக்கார்"னா அவர் செஞ்ச ஒரு காரியத்தைச் சொல்றோம். "அவர் ஒரு இல்லீகல்"னா அவரே அதுவா ஆயிடுறார். வினையா இருந்தது பெயர்ச்சொல்லா மாறினதும், ஒருத்தரோட வாழ்க்கைல ஒரு பகுதி அவரோட மொத்த அடையாளமா போயிடுது.

இதை 1999ல சூசன் கெல்மன், கெயில் ஹேமன்னு ரெண்டு உளவியல் ஆய்வாளர்கள் சின்னப் பசங்களை வச்சுப் பார்த்தாங்க. ஒரு பாப்பாவைப் பத்தி சில பசங்ககிட்ட "முடிஞ்சப்பல்லாம் கேரட் சாப்பிடுவா"ன்னு சொன்னாங்க, மத்த பசங்ககிட்ட "அவ ஒரு கேரட்-ஈட்டர்"னு பட்டம் மாதிரி சொன்னாங்க. பட்டத்தைக் கேட்ட 5 வயசு, 7 வயசுப் பசங்க, அந்தப் பழக்கம் அவளுக்கு மாறவே மாறாது, வீட்ல தடுத்தாலும் போகாதுன்னு இன்னும் உறுதியா நம்பினாங்க. கேரட் திங்கிறதுக்கே இப்படின்னா சட்டவிரோதம்ங்கிற பட்டத்துக்கு எப்படி இருக்கும்னு பாத்துக்கங்க.

சட்டப்படியும் அது கறாரான வார்த்தை இல்ல. அமெரிக்காவுல அனுமதி இல்லாம எல்லையைத் தாண்டுறது குற்றம், ஆனா பேப்பர் இல்லாம அங்க இருக்கிறது மட்டுமே பொதுவா கிரிமினல் குற்றம் ஆகாதுன்னு 2012ல அரிசோனா வழக்குல உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கு. அது சிவில் விதிமீறல், நாடு கடத்தலாம், ஆனா குற்றவாளி ஆக்கிட முடியாது. 2013ல அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் இல்லீகல் இமிக்ரண்ட்ங்கிறதைக் கைவிட்டுச்சு. செயலை இல்லீகல்னு சொல்லலாம், ஆளைச் சொல்லக்கூடாதுங்கிறது அவங்க வச்ச கோடு. என்னைக் கேட்டா இதுவரைக்கும் யாரும் போட்டதுலயே உருப்படியான கோடு அதுதான்.

ஃபாரினர்: வார்த்தை இல்ல, நிக்கிற இடம்

இதுலதான் தமிழ்ல பேசுறவங்க அதிகமா குழம்புறோம். தமிழுக்குள்ள வந்த ஃபாரின் ஒரு மதிப்பான வார்த்தை, ஃபாரின் சரக்குன்னா ஒஸ்தி, ஃபாரினர்னா பெரும்பாலும் வெள்ளைக்காரர். அதே நெனைப்போட இங்கிலீஷ்ல பேசும்போது இடிக்குது. இங்கிலீஷ்ல ஃபாரினர் ஒரு குறிப்பிட்ட ஜனம் இல்ல, சொல்றவர் நிக்கிற இடத்துல இருந்து பார்த்தா வெளில இருக்கிறவர், அவ்வளவுதான். லண்டன்ல இறங்கினதும் நாமதான் ஃபாரினர், அங்க நின்னுக்கிட்டு லண்டன்காரங்களை ஃபாரினர்ஸ்னு சொன்னா அவங்களுக்கு ஒண்ணும் புரியாது.

ஃபாரினர் வசைச்சொல் இல்ல. ஃபாரின் நேஷனல், ஃபாரின் பாலிசினு அரசாங்கமே தினம் எழுதுது. புண்படுத்துறது எப்பன்னா, ஒருத்தர் இருபது வருஷமா அங்கயே வாழ்ந்து குடியுரிமையும் வாங்கி வரியும் கட்டுறார், அவரைப் பார்த்து ஃபாரினர்னா அது முதல்ல தகவல் பிழை, அதுக்கு மேல நீ எப்பவுமே வெளில தான்னு கதவைச் சாத்துற மாதிரி. அங்கயே பிறந்த பிள்ளைங்களைச் சொன்னா இன்னும் மோசம், ஏன்னா அந்தப் பிள்ளைங்களுக்குத் திரும்பிப் போறதுக்குன்னு வேற நாடே கிடையாது. தோலையும் பேரையும் பார்த்து அந்த வார்த்தை வந்துச்சுன்னு அவங்களுக்கு உடனே தெரிஞ்சிடும்.

இந்த விலக்கி வைக்கிற சாயலுக்காகத்தான் 1990ல சிஎன்என் முதலாளி டெட் டர்னர் தன்னோட சேனல்ல ஃபாரின்ங்கிற வார்த்தைக்கே தடை போட்டு இன்டர்நேஷனல்னு சொல்லச் சொன்னார். உலகம் முழுக்கப் பார்க்கிற சேனலுக்கு யாரு ஃபாரின்ங்கிற கேள்வி நியாயமானதுதான். யூனிவர்சிட்டிங்க ஃபாரின் ஸ்டூடண்ட்ங்கிறதை இன்டர்நேஷனல் ஸ்டூடண்ட்னு மாத்திக்கிட்டதும் இதே காரணத்துக்குத்தான்.

எக்ஸ்பாட் யாரு, இமிக்ரண்ட் யாரு

நேர்ப்பொருள்படி பார்த்தா கொஞ்ச காலத்துக்கு வேற நாட்டுல இருக்கிறவர் எக்ஸ்பாட், நிரந்தரமா குடியேற வந்தவர் இமிக்ரண்ட். கம்பெனில எச்.ஆர். பாஷைல எக்ஸ்பாட்னா கம்பெனியே ஒரு கெடு வச்சு வெளிநாட்டுக்கு அனுப்புற ஆளு. இது வரைக்கும் சரி. ஆனா ஸ்பெயின் கடற்கரைல வீடு வாங்கி சாகுற வரைக்கும் அங்கயே இருக்கப் போற பிரிட்டிஷ் பென்ஷன்காரர் தன்னை எக்ஸ்பாட்னு சொல்லிக்கிறார், ரெண்டு வருஷ கான்ட்ராக்ட்ல போன கட்டடத் தொழிலாளியை மைக்ரண்ட்னு சொல்றாங்க. காலக்கெடு கணக்கு இங்க தலைகீழா நிக்குது, அப்ப உண்மையிலேயே பிரிக்கிறது பணமும் பாஸ்போர்ட்டும் பல நேரம் தோலும்தான். எக்ஸ்பாட் தன்னைத் தானே வச்சுக்கிற பேரு, மைக்ரண்ட் மத்தவங்க வைக்கிற பேரு, இந்த வித்தியாசத்தைப் பிடிச்சிக்கிட்டா போதும்.

வளைகுடா நாடுகள்ல மட்டும் இது வேற மாதிரி. அங்க இங்கிலீஷ் பேப்பர்லயும் அரசாங்க அறிவிப்புலயும் குடியுரிமை இல்லாத எல்லாருமே எக்ஸ்பாட்தான், லாரி டிரைவரும் பேங்க் மேனேஜரும் ஒரே வார்த்தைக்குள்ள வந்துடுவாங்க.

ரெஃப்யூஜி

இது சட்டத்துல பாதுகாப்பு தர்ற வார்த்தை. 1951 ஐ.நா. ஒப்பந்தப்படி இனம், மதம், நாட்டினம், ஏதாவது ஒரு சமூகக் குழு, அரசியல் கருத்து இதுல எதுனாலயாவது துன்புறுத்துவாங்கன்னு நியாயமான பயம் இருந்து, சொந்த நாட்டுக்கு வெளில இருக்கிறவர்தான் ரெஃப்யூஜி. அந்த நிலையைக் கேட்டு விண்ணப்பம் போட்டுட்டு முடிவுக்குக் காத்திருக்கிறவர் அசைலம் சீக்கர். 2015ல மத்தியதரைக் கடல்ல ஜனங்க படகுல வந்தப்ப அவங்களை மைக்ரண்ட்னு சொல்ல மாட்டோம்னு அல் ஜசீரா முடிவெடுத்துச்சு, அந்த வார்த்தை அவங்க ஓடி வந்த காரணத்தையே அழிச்சிடுதுன்னு. அதே ரெஃப்யூஜியை 2005ல கத்ரீனா புயல்ல வீடு இழந்த நியூ ஆர்லியன்ஸ் ஜனங்க மேல போட்டப்ப கறுப்பின உரிமைத் தலைவர் ஜெஸ்ஸி ஜாக்சன் எல்லாம் கோவப்பட்டாங்க, அதிபர் புஷ்ஷும் இவங்க ரெஃப்யூஜி இல்ல, அமெரிக்கர்கள்னு சொன்னார். படகுல வந்தவங்களுக்குக் கவசமா இருந்த வார்த்தை சொந்த நாட்டுக் கறுப்பினத்தவங்களுக்கு நீ இந்த நாட்டு ஆளே இல்லன்னு சொல்ற மாதிரி ஆச்சு.

வார்த்தையை மாத்தினா சரியாயிடுமா

பாதி ஆகும். உளவியலாளர் ஸ்டீவன் பிங்கர் யூஃபமிசம் ட்ரெட்மில்னு ஒரு பேர் வச்சார்: கறை பட்ட வார்த்தைக்குப் பதிலா சுத்தமான ஒண்ணைக் கொண்டு வருவோம், அந்த ஜனங்க மேல இருக்கிற வெறுப்பு மாறலன்னா கொஞ்ச வருஷத்துல புது வார்த்தையும் கறையாயிடும், திரும்ப மாத்தணும், ஓடிக்கிட்டே இருந்தாலும் இடம் நகராது. ஏலியனுக்கு இமிக்ரண்ட் வந்துச்சு, அதைத் திட்டிச் சொல்ல ஆரம்பிச்சதும் மைக்ரண்ட் வந்துச்சு, இப்ப அதையும் பல் கடிச்சுக்கிட்டு சொல்றவங்க இருக்காங்க.

ஆனா அதனால மாத்தவே வேண்டாம்னு சொல்றதை நான் ஒத்துக்க மாட்டேன். பேரு யாரு கைல இருக்குன்னு அரசாங்கங்களுக்கு நல்லாத் தெரியும், இல்லன்னா இவ்வளவு சண்டை போட மாட்டாங்க. அமெரிக்காவோட லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் 2016ல புத்தகங்களை வகை பிரிக்க வச்சிருந்த இல்லீகல் ஏலியன்ஸ்ங்கிற தலைப்பை மாத்தப் போறோம்னு சொன்னதும் நாடாளுமன்றத்துலயே எதிர்ப்பு வந்துச்சு, கடைசில 2021லதான் மாத்த முடிஞ்சது. அதே 2021ல பைடன் அரசு குடியேற்றத் துறைல நான்சிட்டிசன்னு எழுதச் சொல்லிச்சு, 2025ல ஆட்சி மாறினதும் திரும்ப ஏலியன். 2019ல நியூயார்க் நகரத்து மனித உரிமை ஆணையம், அவமானப்படுத்துற நோக்கத்தோட வேலை இடத்துலயோ வாடகை விஷயத்துலயோ ஒருத்தரை இல்லீகல் ஏலியன்னு சொன்னா 2,50,000 டாலர் வரைக்கும் அபராதம்னு அறிவிச்சுது. அங்க வார்த்தைக்கு அபராதம் இல்ல, நோக்கத்துக்கு, அதைக் கவனிக்கணும்.

அப்ப என்னதான் சொல்றது

முதல்ல, சொல்லித்தான் ஆகணுமான்னு பாருங்க. ப்ராஜெக்ட்ல ரெண்டு பேர் சேர்ந்தாங்கன்னா பேரைச் சொன்னா போதும், எந்த நாடுங்கிறது அந்த வேலைக்குத் தேவையில்லன்னா விட்டுடலாம். தேவைன்னா நாட்டைச் சொல்லுங்க, ஃப்ரம் கென்யா, ஃப்ரம் பிரேசில், ஃபாரினரை விட இதுல தகவலும் ஜாஸ்தி. பொதுவா பேசும்போது பீப்பிள் ஃப்ரம் அப்ராட், இன்டர்நேஷனல் ஸ்டூடண்ட்ஸ், ஓவர்சீஸ் விசிட்டர்ஸ் எல்லாம் பிரச்சனை இல்லாம ஓடும். பேப்பர் விஷயம் பேசணும்னா அன்டாக்குமென்டட் (பேப்பர் இல்லாதவர்), நான்சிட்டிசன் (குடிமகன் அல்லாதவர்). விசா காலாவதி ஆனவர்கிட்ட டாக்குமென்ட்டே இல்லாம இல்லையேன்னு அன்டாக்குமென்டட் மேலயும் ஒரு குறை சொல்றாங்க, அதுவும் உண்மைதான், அந்த மாதிரி இடத்துல என்ன நடந்துச்சோ அதையே வாக்கியமா எழுதிடறது நல்லது.

நாட்டுக்கு நாடு மாறும்ங்கிறதையும் மறக்கக் கூடாது. பிரிட்டன்ல ஏஷியன்னா முதல்ல நம்ம பக்கத்து ஜனங்க, அமெரிக்காவுல அதே வார்த்தைக்கு சீனா, கொரியா பக்கம்தான் முதல்ல நினைவுக்கு வரும். ஓரியண்டல்ங்கிறதை ஆளுக்குச் சொல்றது அமெரிக்காவுல அவமானம், 2016ல ஒபாமா கையெழுத்துப் போட்டு கூட்டாட்சிச் சட்டங்கள்ல இருந்தே எடுத்தாங்க. ஒரு கூட்டத்து ஜனங்க தங்களுக்குள்ள கேலியா சொல்லிக்கிற வார்த்தையை வெளில இருந்து போய் நாம எடுத்துச் சொல்லவும் கூடாது, கரீபியன்ல கூலி வம்சத்துப் பிள்ளைங்கள்ல சிலர் அந்தப் பேரைத் தாங்களே பெருமையா எடுத்துக்கிட்டாங்க, அது அவங்க பாட்டன் பூட்டன் சிந்தின வேர்வைக்கான உரிமை.

கடைசியா ஃபார்ம் விஷயம், ஏன்னா முதல் முறை அமெரிக்கா போற பசங்க இதைப் பார்த்துட்டுத்தான் ரொம்ப நொந்து போறாங்க. வரி ஃபார்ம்ல நான்ரெசிடன்ட் ஏலியன்னு இருக்கும். அது உங்களைத் திட்டல, எந்த வருமானத்துக்கு எப்படி வரின்னு பிரிக்கிற பேரு. எஃப்-1 விசால போற மாணவர் பொதுவா முதல் 5 காலண்டர் வருஷம் அந்தக் கட்டத்துலதான் வருவார், அதுக்கப்புறம் அங்க இருந்த நாளைக் கணக்குப் போட்டு ரெசிடன்ட் ஏலியன் ஆவார். பேரு பிடிக்கலன்னு கட்டத்தை மாத்தி டிக் பண்ணிடாதீங்க, கணக்கே தப்பாயிடும். அதே வார்த்தையை ஆஃபீஸ்ல எவனாவது மூஞ்சிக்கு நேரா சொன்னான்னா அப்ப பொறுத்துக்க வேண்டியதில்ல, தேதியோட எழுதி வச்சுட்டு எச்.ஆர்.ல கம்ப்ளெயின்ட் குடுங்க.